கேட்கும் செவியைக் காப்போம்

பேசும் உரிமையைப் பற்றி ஓயாது பேசுகிறோம். கேட்கும் புலனைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதனுள் வரிசையாக நிற்கும் மயிரணுக்கள் ஒரு செவிக்குச் சற்றேறக்குறைய 15,000 மட்டுமே. ஒவ்வோர் அணுவின் தலையிலும் படிப்படியாக உயரும் நுண்ணிழைகள். அவற்றின் நுனிகளைப் பிணைப்பவை புரத நூல்கள். சப்தத்தின் அதிர்வால் அந்நூல் இழுபட, 'டி.எம்.சி. 1' என்னும் புரத வாயில் திறக்கிறது. பொட்டாசியம் அயனிகள் உட்புகுகின்றன. நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி செல்கிறது. வாயில் திறக்க ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்குகூட ஆவதில்லை!

பறவைகளுக்கு இவ்வணுக்கள் மடிந்தாலும் மீண்டும் தோன்றுகின்றன என்பது 1988-இல் வெளியாயிற்று. மனிதனுக்கோ அப்பாக்கியமில்லை, மடிந்தது மடிந்ததே. பேரிரைச்சல் அவற்றை மடிவிக்கும்.

ஒலிபெருக்கியை இரவில் கட்டுப்படுத்த இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே விதிகள் பிறந்தன. ஆயினும் விதியைவிட மேலானது மேடையேறுவோரின் மனச்சான்று. ஜனங்கள் கேட்கவேண்டுமென்றே பேசுகிறோம். கேட்கும் செவியையே கெடுத்துவிட்டு யாரிடம் பேசப் போகிறோம்?