‘வைரஸ் எங்களுடையது, தடுப்பூசி மட்டும் உங்களுடையதா?’ - உலகை யோசிக்க வைத்த இந்தோனேசியா!

பறவைக் காய்ச்சல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிக்கன் விலை சரிவுதான். இந்தோனேசியாவில் கதையே வேறு. 2005-ல் அங்கே முதன்முதலாக மனிதர்களிடம் ஹெச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. தொற்றியவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை.

எல்லா நாடுகளையும்போல இந்தோனேசியாவும் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்புக்கு இலவசமாக அனுப்பிவந்தது. 1952 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி உருமாறும் என்பதால், எந்த வகை பரவுகிறது என்று பார்த்துத்தான் தடுப்பூசி தயாரிக்க முடியும். ஆய்வகங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வைரஸை வைத்து மருந்து நிறுவனங்கள் தடுப்பூசி தயாரித்து விற்கும்.

இங்கேதான் சிக்கல் வெடித்தது. தாங்கள் அனுப்பிய வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிப்பில் இறங்கியிருப்பது இந்தோனேசியாவுக்குத் தெரியவந்தது. அந்தத் தடுப்பூசி இந்தோனேசிய மக்களுக்குக் கிடைக்குமா, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. “இனி மாதிரிகள் தர மாட்டோம்” என்று 2007 தொடக்கத்தில் கைவிரித்தது அந்நாடு. அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரிதான் இந்த முடிவின் முகம்.

‘உலகத்தின் உயிரோடு விளையாடுகிறார்கள்’ என்று கண்டனங்கள் குவிந்தன. அதில் நியாயமும் இருந்தது. மாதிரி வராவிட்டால், வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகையில் மாறுகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால், இந்தோனேசியா கேட்ட கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகளைக் கருவுற்ற கோழி முட்டைகளுக்குள் வைரஸை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். புது வைரஸுக்குத் தடுப்பூசி வெளிவர சுமார் 6 மாதங்கள் ஆகும். நினைத்த மாத்திரத்தில் உற்பத்தியைப் பெருக்க முடியாது. ஆலைகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் இருந்தன. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டவர்களுக்கே முதல் பங்கு.

இது வெறும் பயமில்லை என்பதை 2009-ல் வந்த பன்றிக் காய்ச்சல் காட்டிவிட்டது. வசதியான நாடுகள் முன்பதிவு செய்துவிட, மற்றவை நன்கொடைக்காகக் காத்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 77 நாடுகளுக்கு சுமார் 7.8 கோடி டோஸ் கொடுத்தது உண்மை. ஆனால், அந்தப் பெட்டிகள் போய்ச்சேர்ந்தது 2010-ல். பல இடங்களில் அதற்குள் அலையே ஓய்ந்திருந்தது. மருந்து தயாரான பிறகும், பெறும் நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், தடுப்பூசிக்கு அனுமதி தர வேண்டும், விநியோகத் திட்டம் காட்ட வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் கிராமம் வரை கொண்டுபோவது அதற்கும் மேல்!

கடைசியில், 2011 மே மாதம் உலக சுகாதார சபை புதிய விதிமுறையை ஏற்றது. வலையமைப்பின் வைரஸைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 2.8 கோடி டாலர் பங்களிக்க வேண்டும். பெருந்தொற்று வந்தால், உற்பத்தியில் சுமார் 10 சதவிகிதம் இலவசமாகவோ கட்டுப்படியாகும் விலையிலோ உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கும்படி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வைரஸ் கொடுக்கும் நாடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.

10 சதவிகிதம் போதுமா? உலக மக்கள்தொகையில் பெரும்பகுதி வளரும் நாடுகளில் இருக்கும்போது, எப்படிப் போதும்?

அதனால்தான் சொந்த ஆலை என்ற இன்னொரு பாதையும் திறந்தது. 2007 முதலே வளரும் நாடுகளின் நிறுவனங்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி தயாரிக்க உலக சுகாதார நிறுவனம் நிதியும் தொழில்நுட்பமும் கொடுத்தது. இந்தோனேசியாவின் பயோ ஃபார்மா, பிரேசிலின் புட்டான்டன், நம் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவின் முதல் பன்றிக் காய்ச்சல் மரணம் 2009 ஆகஸ்டில் நிகழ்ந்தது புனேயில்தான். அடுத்த ஆண்டே அதே ஊரிலிருந்து மூக்கில் செலுத்தும் தடுப்பு மருந்து வெளிவந்தது.

பெருந்தொற்றுக்கு இவ்வளவு விதிகள். ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூவுக்கு இந்த 10 சதவிகிதக் கணக்கு பொருந்தாது. அதுவும் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை உயிரைப் பறிக்கிறது. ஃப்ளூ தொடர்பான சுவாசத் தொற்றால் இறக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 99 சதவிகிதத்தினர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.