புளோரிடாவின் பச்சை இகுவானா

அமெரிக்காவின் தெற்குப் புளோரிடாவில் பூங்காக்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இன்று சர்வசாதாரணமாகத் தென்படும் பச்சை இகுவானா, அந்த மண்ணுக்குரியதல்ல. ஓணானைப் பெரிதாக்கியது போன்ற தோற்றமுள்ள இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. செல்லப் பிராணியாக வளர்க்கப்பட்டவை தப்பியும் கைவிடப்பட்டும் வெளியேறின. 1960களில் மயாமி வட்டாரத்தில் முதன்முதலாகப் பதிவாயின.

ஆண் இகுவானா, வாலையும் சேர்த்து 5 அடிக்கு மேல் வளரும். பெண் ஒரு தடவையில் 14 முதல் 76 முட்டைகள் வரை இடும். அதற்காகத் தோண்டும் வளைகள்தான் பெரும் கேடு: நடைபாதை உள்வாங்குகிறது, கால்வாய்க் கரை சரிகிறது, கடலோரத் தடுப்புச் சுவர் வலுவிழக்கிறது. செம்பருத்தி போன்ற தோட்டச் செடிகளையும் இவை மேய்ந்துவிடுகின்றன. அதைவிட வருந்தத்தக்கது, அழிவின் விளிம்பிலுள்ள 'மயாமி நீலம்' வண்ணத்துப்பூச்சியின் கதி. அதன் புழுக்களுக்கு உணவாகும் கழற்சிச் செடியையும் இகுவானா தின்கிறது. கழற்சி நம் ஊர் வேலிகளிலும் வளர்வதே.

இவற்றுக்கு ஆகாதது குளிர். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் உடல் விறைத்து, மரக்கிளைகளிலிருந்து விழுகின்றன. 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம் இதற்கென்றே மக்களை எச்சரித்தது. விழுந்தவை பெரும்பாலும் சாவதில்லை. வெயில் ஏறியதும் எழுந்து நகரும். 2021இல் புளோரிடா அரசு பச்சை இகுவானாவைத் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது.