வயிறு தள்ளும் நிலவறைச் சுவர்

திருவனந்தபுரம் குன்றுகளின் ஊர். சரிவான மனையில் வீடு கட்டினால் தெருப்பக்கம் ஒரு மாடி, பின்பக்கம் இரண்டு மாடி என்று ஆகிவிடுகிறது. கீழ்த்தளத்தின் ஒரு சுவர் முழுக்க மண்ணை ஒட்டியே நிற்கும். அந்த நிலவறையில் சரக்கு வைக்கிறோம், பிள்ளைகளுக்குக் கட்டிலும் போடுகிறோம். நாலைந்து இடவப்பாதி, துலாவர்ஷம் கடந்தபின் பார்த்தால் சுவர் நடுவில் வயிறு தள்ளி, குறுக்கே கீறல் ஓடியிருக்கும். "பூசி வெள்ளையடிச்சா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது.

சுவர் தலைப்பாரத்தைத் தாங்கும்; பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. மண்ணின் தள்ளுவிசையைக் கணக்கிட வழிசொன்ன பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் அவர்களின் கட்டுரை 1776-இல் அச்சேறியது. மண்ணைவிடப் பொல்லாதது தேங்கிய தண்ணீர். ஒரு கனமீட்டர் தண்ணீர் 1000 கிலோ. சுவருக்குப் பின்னால் 1.5 மீட்டர் உயரம் தேங்கினால், ஒரு மீட்டர் நீளச் சுவரை ஏறத்தாழ 1.1 டன் தள்ளும். 3 மீட்டர் தேங்கினால் 4.5 டன்! உயரம் இருமடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் பலத்த மழையில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர்.

செய்ய வேண்டியவை என்ன? முதலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு மேல், நடு, கீழ் மூன்றிடத்திலும் இடைவெளியை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். கீறலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துச் சுவரைவிட்டுத் தள்ளி விடுங்கள். வெளிப்பக்கம் ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் பதித்துத் தண்ணீரைச் சரிவில் வடியவிட வேண்டும். இதற்கு மழையில்லாத மாதங்களே ஏற்றவை. முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

அளவு கூடிக்கொண்டே போனால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தூணா, முட்டுச்சுவரா, இடித்துக் கட்டுவதா என்பதை அவர்தான் சொல்ல முடியும். செலவு ஆகத்தான் செய்யும். அவர் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை இன்றைக்கே மேல்மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.