கடிகாரம் பார்த்து வரும் வலி
கிளஸ்டர் தலைவலியைத் தடுக்க மருந்துகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் உடல் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரவு ஒன்றரை மணி. படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வலது கண்ணுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போன்ற வலி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டுகிறது. அதே பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்கிறது. இமை தொங்குகிறது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூடத்தில் நடப்பதும் சுவரில் தலையை முட்டிக்கொள்வதுமாக ஒரு மணி நேரம் கழிகிறது. பிறகு வந்த வேகத்திலேயே வலி போய்விடுகிறது. மறுநாள் இரவு, ஏறக்குறைய அதே நேரத்துக்கு, மறுபடியும் வருகிறது.

கிளஸ்டர் தலைவலிக்காரர்கள் டாக்டரிடம் சொல்லும் கதை பெரும்பாலும் இதுதான். ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். ஒவ்வொரு வலியும் 15 நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு நாளில் எட்டு முறைகூட வரலாம். சில வாரங்களோ மாதங்களோ இப்படிக் கொத்துக் கொத்தாகத் தாக்கிவிட்டு, பிறகு மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ காணாமல் போய்விடும். பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் அந்த ஓய்வும் கிடைப்பதில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைக்ரேனைத்தான் நாம் ‘ஒற்றைத் தலைவலி’ என்கிறோம். உண்மையில் மைக்ரேன் இரு பக்கமும் வரலாம். விடாப்பிடியாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொள்வது கிளஸ்டர்தான். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். கிளஸ்டர்காரரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் பல் பிடுங்கிக்கொள்கிறார்கள், சைனஸ் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள், கண்ணாடியை மாற்றுகிறார்கள். சரியான பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்த வைத்தியங்கள் எல்லாமே ‘பலித்து’விடுகின்றன. தாக்குதல் காலம் தானாக முடியும் நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கிறது. பல் டாக்டரோ, மூலிகை எண்ணெயோ, புது மாத்திரையோ, யாராவது ஒருவர் பாராட்டைப் பெறுகிறார். அடுத்த ஆண்டு வலி திரும்பி வரும்போதுதான் உண்மை தெரிகிறது. கிளஸ்டருக்கான எந்தச் சிகிச்சையை எடைபோடும்போதும் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இது.

வலியின் மூலம் மூக்கிலோ பல்லிலோ இல்லை. லண்டனில் 1998இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று, தாக்குதலின்போது ஹைப்போதாலமஸ் என்ற பகுதி முடுக்கிவிடப்படுவதைக் காட்டியது. தூக்கம், விழிப்பு, உடலின் நேரக் கணக்கு ஆகியவற்றை நடத்தும் பகுதி அது. வலி கடிகாரம் பார்த்து வருவதற்கு அங்கே ஒரு விளக்கம் கிடைத்தது.

சிகிச்சைக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வந்த வலியை உடனே நிறுத்துவது. மற்றொன்று, வரப்போகும் வலியைத் தடுப்பது. முதல் பாதையில் சாதாரண வலி மாத்திரைகளுக்கு வேலையில்லை. மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேர்வதற்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும்.

இங்கே முன்னணியில் இருப்பது வெறும் ஆக்சிஜன். 2009இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் தூய ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 சதவீதத் தாக்குதல்கள் 15 நிமிடத்தில் போதுமான அளவுக்கு அடங்கின. சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது அடங்கியவை 20 சதவீதம். பக்க விளைவு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனால் மூக்கில் மாட்டும் மெல்லிய குழாய் போதாது. பை இணைத்த, முகத்தோடு ஒட்டிய மாஸ்க் வேண்டும். வீட்டில் வைக்கும் சிறிய ஆக்சிஜன் தயாரிப்பு மெஷின்களில் பல நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும். அதனால் சிலிண்டரே நல்லது. நம் நாட்டில் ‘பி டைப்’ என்று சொல்லப்படும் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஒரு தாக்குதலுக்கு 180 லிட்டர் என்று கணக்கிட்டால் எட்டு முறைக்கு வரும். தினமும் மூன்று முறை வலி வருபவருக்கு மூன்றே நாள். பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இருந்தால் நெருப்புப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கிளஸ்டர் நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம் என்பதால் இது வெறும் எச்சரிக்கை அல்ல.

அடுத்தது சுமட்ரிப்டான் ஊசி. தோலுக்கு அடியில் ஆறு மில்லிகிராம் போட்டால் போதும். 1991இல் வெளியான ஆய்வில் 74 சதவீதத் தாக்குதல்கள் 15 நிமிடத்தில் தணிந்தன. ஆனால் நாளுக்கு இரண்டு ஊசிக்கு மேல் கூடாது. இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. ஒரு நாளில் ஐந்து முறை வலி வந்தால் மீதி மூன்றுக்கு என்ன செய்வது? தடுப்பு மருந்தின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

தடுப்பு மருந்துகளில் முதலிடம் வெராபமிலுக்கு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் பழைய மாத்திரை இது. ஆனால் கிளஸ்டருக்கு இதய நோய்க்குத் தருவதைவிட அதிக அளவு தேவைப்படலாம். தினம் 240 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். சிலருக்கு 960 வரைகூடப் போகிறது. சிக்கலும் அங்கேதான். இந்த மருந்து எடுத்துக்கொண்ட 108 கிளஸ்டர் நோயாளிகளின் ஈசிஜியைப் பரிசீலித்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், 19 சதவீதத்தினருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில் கோளாறு தெரிந்தது. எனவே தொடங்கும் முன்பும், அளவை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஈசிஜி எடுக்க வேண்டும். மைக்ரேன் என்று தவறாக நினைத்து ஏற்கெனவே புரோப்ரனலால் கொடுக்கப்பட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். மலச்சிக்கலும் கால் வீக்கமும் சில்லறைத் தொல்லைகள்.

வெராபமில் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தினமும் வதைபடுபவருக்கு அது ஒரு யுகம். இடைக்காலப் பாலமாக ஸ்டீராய்டு தருகிறார்கள். 2021இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், வெராபமிலோடு பிரெட்னிசோனும் சேர்த்துத் தரப்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் சராசரியாக 7.1 தாக்குதல்கள் வந்தன. பிரெட்னிசோன் இல்லாதவர்களுக்கு 9.5. பலன் உண்டு, ஆனால் நிறுத்தினால் வலி திரும்பலாம். ஆண்டுதோறும் ஸ்டீராய்டையே நம்பினால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், இடுப்பு மூட்டே பழுதாகலாம். பின்மண்டை நரம்பருகே ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவது பலருக்கு இதற்கு நல்ல மாற்று.

வெராபமில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லித்தியம் உண்டு. அதை எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும் என்பது தலைவலிக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. டோபிரமேட் சிலருக்கு உதவுகிறது. ஆனால் பேசும்போது சொல் வராமல் தடுமாற வைக்கும்; சிறுநீரகக் கல்லும் வரலாம்.

புதியவற்றில் கவனத்தை ஈர்த்தது கல்கனெசுமாப் ஊசி. 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. ஐரோப்பியக் கட்டுப்பாட்டாளர்கள் 2020இல் மறுத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 8.7 தாக்குதல்கள் குறைந்தன. மருந்தே இல்லாத போலி ஊசி பெற்றவர்களுக்கும் 5.2 குறைந்தன. தானாக அடங்கும் நோயில் மருந்தின் பங்கைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஓய்வில்லாமல் வலி வருபவர்களுக்கு இந்த ஊசி பலன் தரவில்லை. கழுத்து நரம்பைத் தூண்டும் கைக்கருவி, எந்த மருந்துக்கும் அடங்காதவர்களுக்குப் பின்மண்டை நரம்பைத் தூண்டும் கருவியை உடலில் பதிப்பது போன்ற வழிகளும் இருக்கின்றன. மாயத்தோற்றம் தரும் காளான்களைப் பற்றி வெளிநாட்டு நோயாளிகள் நிறையப் பேசுகிறார்கள். அவற்றிலுள்ள சைலோசைபின் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது.

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? வழக்கமாக மூன்று வாரத்தில் முடியும், நாளுக்கு ஒரு முறை மட்டுமே வலி வரும், ஆக்சிஜன் கேட்கும் என்றால் தடுப்பு மருந்தே தேவைப்படாமல் போகலாம். மூன்று மாதம் நீடிக்கும், நாளுக்கு நான்கு முறை வரும் என்றால் தாமதிப்பது அர்த்தமற்றது. முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். வலி அடங்கிச் சில வாரம் ஆனதும் டாக்டர் சொல்படி குறைத்து நிறுத்த வேண்டும். வலியில்லாத மாதங்களில் மருந்தைச் சுமப்பது உடலுக்கு வீண் பளு. இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம். தாக்குதல் காலத்தில் மதுவை அறவே விட வேண்டும். ஒரே ஒரு கோப்பைகூட வலியைக் கூப்பிட்டுவிடும். முதல் முறை இந்த வலி வரும்போது எம்ஆர்ஐ எடுப்பது அவசியம். பிட்யூட்டரி கட்டிகள் சில இதே வேடத்தில் வரும்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த நோய்க்கு ‘தற்கொலைத் தலைவலி’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. நள்ளிரவில் நடந்துகொண்டிருப்பவரிடம் “தலைவலிக்கா இவ்வளவு?” என்று கேட்பது கொடுமை. வாழ்வே வேண்டாம் என்று அவர் பேசத் தொடங்கினால் தனியே விடக் கூடாது. மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416 இரவிலும் பதிலளிக்கும்.

கிளஸ்டரை அடியோடு ஒழிக்கும் மருந்து எதுவும் இன்னும் இல்லை. ஆனால் அது வரும் நேரம் முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்துக்கு முன்பே ஈசிஜியும் மாத்திரையும் சிலிண்டரும் தயாராக இருந்தால், ஒன்றரை மணிக்கு வரும் விருந்தாளியை 15 நிமிடத்தில் வழியனுப்பிவிடலாம்.