தைத்த நெஞ்சும் தளர்ந்த உள்ளமும்

இதய மாற்றுவழி அறுவைக்காகப் பிளந்த மார்பெலும்பு 8 முதல் 12 வாரங்களில் கூடிவிடும். அதன் பின்னும் முதியோர் சிலர் எழுந்து நடமாடுவதில்லை. பசி குன்றும், உறக்கம் கலையும், பேச்சு சுருங்கும். வீட்டார் இதனை மூப்பின் தளர்ச்சி என்றோ அறுவையின் அசதி என்றோ எண்ணி அமைதி கொள்வர். அந்த அமைதி பேரிடர் விளைக்கும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புளூமெந்தால் குழுவினர் இவ்வறுவைக்கு உட்பட்ட 817 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவைக்கு முன்னரே 38 விழுக்காட்டினரிடம் உளச்சோர்வு இருந்தது. அது மிகுந்திருந்தவர்க்கும், ஆறு திங்கள் கழிந்தும் நீங்காதவர்க்கும் இறப்பின் வாய்ப்பு இருமடங்குக்கும் மேலாயிற்று. சோர்ந்தவர் மருந்தைத் தவறவிடுகிறார், நடைப்பயிற்சியைக் கைவிடுகிறார். உடலினுள்ளும் மாற்றம் நிகழ்கிறது: குருதித் தட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, இதயத் துடிப்பின் இயல்பான ஏற்றத்தாழ்வு குறைகிறது.

இங்கேதான் சுற்றத்தின் துணை மருத்துவப் பொருளாகிறது. 1989இல் குலிக், மாலர் என்னும் ஆய்வாளர் இருவரும் மாற்றுவழி அறுவைக்கு உட்பட்ட மணமான ஆடவர் 56 பேரை ஆராய்ந்தனர். மனைவியர் அடிக்கடி வந்து பார்த்தவர்கள் வலிமருந்தைக் குறைவாகவே நாடினர். விரைந்து வீடு திரும்பினர். நியூ ஹாம்சயரில் ஆக்ஸ்மன் குழுவினர் இதய அறுவைக்கு உட்பட்ட, 55 அகவை கடந்த 232 பேரை ஆறு திங்கள் கண்காணித்தனர். 21 பேர் மறைந்தனர். எந்தக் குழுவிலும் கூட்டத்திலும் பங்குகொள்ளாதவர்க்கு இறப்பின் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. சமய நம்பிக்கையில் ஆறுதல் காணாதவர்க்கும் வாய்ப்பு உயர்ந்தே இருந்தது.

ஆயினும் துணை என்பது தலைகளின் எண்ணிக்கையன்று. மருத்துவமனையில் பழக்கூடையுடன் திரள்வோர் பலர். வீட்டில் சோர்வு குடியேறும் வாரங்களில் வருவோர் சிலர். தமக்கு வேண்டிய அளவு கிடைக்கிறது என்று நோயாளி உணர்வதே முதன்மையானது. எழுந்து செய்ய வல்ல வேலையையும் பறித்துக்கொள்ளும் பரிவு, அவரை மேலும் படுக்கையில் ஆழ்த்தும்.

புறத்திலிருந்து அந்தத் துணையை ஊட்ட இயலுமா? மாரடைப்புற்ற 2,481 பேரிடம் நடந்த பெரும் ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. உளமருத்துவம் சோர்வையும் தனிமையையும் ஓரளவே தணித்தது, இறப்பைக் குறைக்கவில்லை. இம்முடிவு என்னை வருத்துகிறது. ஆயினும் முயற்சியைக் கைவிடச் சொல்வதாக நான் கொள்ளவில்லை. பிட்ஸ்பர்க்கில் ரோல்மன் குழுவினர், மாற்றுவழி அறுவைக்குப் பின் சோர்வுற்ற 302 பேரை ஆய்வில் சேர்த்தனர். அவருள் ஒரு பாதியினரைச் செவிலியர் 8 திங்கள் தொலைபேசியில் தொடர்ந்து அழைத்தனர்; அவர்களின் மனநிலையும் உடலியக்கமும் மற்றவரைவிட மேம்பட்டன. 2009இல் வெளியான இம்முடிவுகளில் பயன் ஆடவரிடமே மிகுந்து தெரிந்தது. பெண்டிரிடம் குறைந்தே தெரிந்தது. பிறரைப் பேணியே பழகிய முதிய பெண்ணுக்கு எத்தகைய துணை பொருந்தும் என்பதைத் தனியே ஆராய்ந்தாக வேண்டும்.