முத்திரையிட்ட பொய்: போலி உரையாடல் படங்கள்



அரசன் ஆகாபின் பெயரால் மடல் எழுதி, அவனுடைய முத்திரையை இட்டு, ஊர்ப் பெரியோருக்கு அனுப்பி வைத்தவள் ஈசபேல். அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். மடல் போய்ச் சேர்ந்தது. பொய்ச்சாட்சிகள் இருவர் அமர்த்தப்பட்டனர். தம் திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்த நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். மடலைப் பெற்ற பெரியோரில் ஒருவராவது அரசரிடம் நேரில் சென்று விசாரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. முத்திரை இருந்தது, அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

இன்று அந்த முத்திரையின் இடத்தை ஸ்கிரீன்ஷாட் பிடித்துக்கொண்டிருக்கிறது. “இதோ பாருங்கள், அவரே எழுதியிருக்கிறார்” என்று செல்பேசியை நீட்டினால் பேச்சு முடிந்துவிடுகிறது. அலுவலகங்களில் வாட்ஸ்அப், ஸ்லாக், டீம்ஸ் ஆகியவற்றில் நடக்கும் உரையாடல்களின் படங்கள் பலருடைய வேலையையும் மானத்தையும் தீர்மானிக்கின்றன. ஆனால் அத்தகைய படத்தை ஒரு சில நிமிடங்களில் உருவாக்க முடியும் என்பது நம் பங்கு மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே அதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

கணினி உலாவியில் திறந்திருக்கும் பக்கத்தின் எழுத்துக்களை, மென்பொருள் பணியாளருக்கென்றே தரப்பட்டுள்ள ஒரு வசதியைக் கொண்டு நம் திரையில் மட்டும் மாற்றிக் காட்ட முடியும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழைய வாசகம் திரும்பிவிடும். அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. பெயர், முகப்படம், நேரம், நீலக் குறி எல்லாவற்றையும் நாமே நிரப்பி ஓர் உரையாடலைத் தயாரிக்கும் இணையக் கருவிகளும் உண்டு. இன்னும் எளிய வழி, தன்னிடமுள்ள இன்னோர் எண்ணை வேறொருவர் பெயரில் சேமித்து, தனக்குத் தானே எழுதிக்கொள்வது. இதற்குக் கணினி அறிவே தேவையில்லை.

இக்கருவிகளே பாவம் என்று நாம் சொல்லவில்லை. மோசடிச் செய்தி எப்படி வரும் என்று புதிய ஊழியருக்குப் பயிற்சி தருவோரும், மென்பொருளின் பயன்பாட்டு நூலை எழுதுவோரும், குறும்படம் எடுப்போரும் மாதிரி உரையாடல் படங்களைத் தயாரிக்கின்றனர். உண்மையான ஊழியர்களின் உரையாடலை வெளியிடுவதை விட, கற்பனைப் பெயர்களோடு ஒன்றை உருவாக்குவது அவர்களது அந்தரங்கத்தைக் காப்பதாகும். அத்தகைய படத்தில் உயிரோடிருக்கும் எவருடைய பெயரும் முகமும் இருக்கலாகாது. ‘மாதிரி’ என்னும் சொல் படத்தின் மேலேயே இருக்கவேண்டும். கீழே விளக்கமாக எழுதினால் போதாது. படத்தை அனுப்புகிறவர்கள் விளக்கத்தை வெட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு இங்கே கவனிக்கத்தக்கது. மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், தம் மேலதிகாரி பாலியல் தொல்லை தந்தார் என வழக்குத் தொடர்ந்து, அவர் 2017இல் அனுப்பியதாகக் கூறிய குறுஞ்செய்திகளின் படத்தைச் சான்றாக அளித்தார். அவை தமது பழைய ஐபோன் 5இல் வந்தவை என்றார். வல்லுநர் அந்தப் படத்திலிருந்த சிறிய முகக்குறி ஒன்றை, அதாவது கண்களில் இதயம் கொண்ட முகத்தை, உற்றுப் பார்த்தார். அது வரையப்பட்டிருந்த வடிவம் 2019இல் வெளிவந்த ஐஓஎஸ் 13இல்தான் வந்தது. ஐபோன் 5 ஐஓஎஸ் 10ஐத் தாண்டிப் போகவே முடியாது. படம் புனையப்பட்டது என்று 2021இல் நீதிமன்றம் முடிவுசெய்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தள்ளுபடியை உறுதிசெய்தது.

இதை வாசிக்கையில் தானியேல் நூல் 13ஆம் அதிகாரத்துச் சூசன்னா நம் நினைவுக்கு வருகிறார். முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தானியேல் கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். அங்கே மரம், இங்கே முகக்குறி. ஆனால் சபையோ தானியேல் எழுந்து தடுக்கும் முன்பே சூசன்னாவுக்குச் சாவுத் தீர்ப்பு அளித்துவிட்டது என்பதை மறந்துவிடக்கூடாது. மேலும், உண்மையாகவே தொல்லைக்குள்ளாகி, கையில் உண்மையான படத்தோடு நிற்கும் ஒரு சகோதரியை இனி நம்பத் தயங்குவார்கள். போலிப் படம் செய்கிறவர் அவருக்கும் சேர்த்தே தீங்கிழைக்கிறார்.

படத்தை மட்டும் கண்டு தீர்ப்பிடாமல், அந்த உரையாடலைச் செல்பேசியிலேயே திறந்து காட்டச் சொல்லலாம். முன்னும் பின்னும் உள்ள செய்திகளை வாசிக்கலாம். மறுபக்கத்தாரின் செல்பேசியிலும் பார்க்கலாம். அலுவலகக் கணக்காக இருந்தால், அதை நிர்வகிப்பவரால் சர்வரில் உள்ள பதிவைப் பெற முடிவதுண்டு. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிப்பவர் அதற்கான சான்றிதழையும் தரவேண்டும் என்கிறது. ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் நோக்கில் மின்னணு ஆவணத்தைப் புனைந்தால், பாரதிய நியாய சட்டத்தின் 336ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

“நான் செய்யவில்லை, வந்ததை அனுப்பினேன்” என்று சொல்வோர் நம்மிடையே மிகுதி. (காலை வணக்கப் படத்துக்கும் இதற்கும் வேறுபாடு பார்க்காமல் அனுப்புகிறவர்களையும் நாம் அறிவோம்.) போதிய ஆதாரமின்றி அயலாரின் குற்றத்தை மனத்துக்குள் உண்மையென ஏற்பதையே திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2477இல், எட்டாம் கட்டளைக்கு எதிரான தவறாகக் கூறுகிறது. எண் 2487 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும், உண்மைக்கு எதிராகச் செய்த தீங்கை ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை.

ஒப்புரவு அருளடையாளத்தில் இதைக் கேட்கும்போது சிலர், “அழித்துவிட்டேன், சாமி” என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக அழிக்கும் வசதிக்கு இரண்டு நாளும் சில மணி நேரமுமே அவகாசம். அதற்குள் தம் செல்பேசியில் சேமித்துக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே எந்தெந்தக் குழுவில் படத்தைப் பகிர்ந்தோமோ, அந்தந்தக் குழுவிலேயே, அது பொய் என்று தெரிந்தவுடன், பாதிக்கப்பட்டவருடைய சம்மதத்தைக் கேட்டு, “நான் பகிர்ந்த படம் உண்மையல்ல” என்று நம் பெயரோடு எழுதவேண்டியிருக்கிறது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு அது போயிருந்தால், அங்கேயும் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.