சலாம் வலிப்பும் ஒரு வைத்தியரின் கேள்வியும்

வலிப்பு என்றதும், கீழே விழுந்து கைகால் உதறுவதும் வாயில் நுரை தள்ளுவதுமே நம் நினைவுக்கு வரும். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு அப்படி இருக்காது. தூங்கி எழுந்த குழந்தை திடீரெனத் தலையைக் குனிந்து கைகளை நீட்டும். உடனே பழைய நிலைக்கு வரும். சில வினாடிகளில் மறுபடியும் அதே அசைவு. இப்படி வரிசையாகப் பல தடவை நடக்கும். வயிற்றுவலி என்றோ, திடுக்கிடுகிறது என்றோ வீட்டார் நினைத்துவிடுவார்கள்.

1841இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனிடம் இதைக் கண்டு 'லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதினார். குனிந்து சலாம் சொல்வதுபோல் இருந்ததால் 'சலாம் வலிப்பு' என்றும் அழைத்தார்கள். இன்று இதன் பெயர் வெஸ்ட் நோய்க்குறி. பெரும்பாலும் ஒரு வயதுக்கு முன்பே தொடங்கும். மூளையின் மின்னலைகள் ஒழுங்கு குலைவதால், சிரித்துப் பழகிய குழந்தை சிரிப்பதை விட்டுவிடலாம். உட்காரப் பழகியது உட்கார முடியாமல் போகலாம். ஆகவே சிகிச்சை தாமதிக்கக் கூடாது.

இதற்கு ஏ.சி.டி.எச். என்ற ஹோர்மோன் ஊசி நீண்டகாலமாகப் பயன்படுகிறது. அது விலை கூடியது. பிரெட்னிசலோன் குளிசையோ மலிவானது, எளிதில் கிடைப்பது. அப்படியானால் குளிசை போதுமா? கொழும்புப் பல்கலைக்கழகச் சிறுவர் நரம்பியல் பேராசிரியர் ஜிதங்கி வணிகசிங்கவும் அவரது குழுவினரும் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். 97 குழந்தைகளில் யாருக்கு எந்த மருந்து என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்தார்கள். 14ஆம் நாளில், குளிசை பெற்ற 48 பேரில் 28 பேருக்கு வலிப்பு நின்றிருந்தது. ஊசி பெற்ற 49 பேரில் 18 பேருக்கே நின்றிருந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின.

கொடகவெல போன்ற ஊர்களில் உள்ள ஒரு தாய்க்கு இது பெரிய செய்தி. பணமில்லாததால் தன் பிள்ளைக்குக் குறைந்த மருந்துதான் கிடைத்தது என்று அவர் கலங்க வேண்டியதில்லை. ஆனாலும் குளிசையின் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அதிக அளவில் கொடுக்கும்போது தொற்றும் இரத்த அழுத்தமும் ஏற்படலாம்.

நோயாளியைப் பார்ப்பதும், அங்கே எழும் கேள்விக்கு ஆய்வு மூலம் விடை தேடுவதும் ஆகிய இரண்டையும் செய்பவரே மருத்துவ ஆய்வாளர். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம், ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு சிறுவர் மருத்துவத்தில் பட்டப்பின் படிப்பு என்று வழி நீண்டதுதான். ஆனால் அந்த வழியில் நம் நாட்டுப் பெண்ணொருவர் ஏற்கெனவே நடந்திருக்கிறார். தோழியரே, நாமும் நடக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அசைவைக் கண்டால் கைபேசியில் படம்பிடித்து, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓதிப் பார்க்கலாம், துஆவும் கேட்கலாம். ஆனால் நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது.